திக்கும் நாவும் நேர்காணல் அறையும்

லண்டன் லேடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்தது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பலேறிய கணக்குகளெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். 1792 ஏப்ரலில் அதன் கணக்குப் பிரிவில் 17 வயது இளைஞர் ஒருவர் எழுத்தராகச் சேர்ந்தார். அவர் பெயர் சார்லஸ் லாம். பின்னாளில் ஆங்கிலக் கட்டுரை இலக்கியத்தில் அழியாத இடம் பிடித்தவர். அவருக்குத் திக்குவாய்.

லாம் படித்தது கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற அறக்கட்டளைப் பள்ளியில். அங்கே முதல் வரிசையில் நிற்கும் மாணவர்களைப் பொறுக்கியெடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். அப்படிப் போகிறவர்கள் படித்து முடித்துப் பாதிரியாராவார்கள் என்பது எதிர்பார்ப்பு. பாதிரியார் என்றால் பிரசங்கம் செய்ய வேண்டும். திக்கும் பிள்ளை எப்படிப் பிரசங்கம் செய்யும்? லாமின் பள்ளிப் படிப்பு 14 வயதில் முடிந்தது. அதே பள்ளியில் படித்த அவருடைய நண்பர் கோல்ரிட்ஜ் கேம்பிரிட்ஜுக்குப் போனார். லாம் வேலை தேடிப் போனார்.

கம்பெனியில் அந்தக் காலத்தில் வேலை கிடைத்த விதம் வேறு. இயக்குநர் யாராவது ஒருவரின் சிபாரிசு வேண்டும். நன்னடத்தைக்கு ஜாமீன் வேண்டும். முதல் 3 ஆண்டுகளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று அவரை யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. தேயிலை, அவுரி, பட்டுத்துணி ஏலக் கணக்குகளை அவர் 33 ஆண்டுகள் எழுதினார். 1825-ல் ஓய்வு பெற்றபோது ஆண்டுக்குச் சுமார் 450 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள்.

பேச்சை முன்வைத்த கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. பேனாவை முன்வைத்த கதவு திறந்தது. அந்த இரண்டாவது கதவும் நியாயமானதல்ல. ஆள் தெரிந்தவர்களுக்கு மட்டுமே திறந்த கதவு அது. லாமுக்குப் பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும் முறை பலமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் திக்குவாய் உள்ளவர்களின் நிலை என்ன ஆனது என்று யாரும் அதிகம் பேசியதில்லை.

சிபாரிசு போய், பரீட்சை வந்தது

1853-ன் சாசனச் சட்டம் கம்பெனி இயக்குநர்களின் நியமன உரிமையைப் பறித்தது. மெக்காலே தலைமையிலான குழு மறு ஆண்டே அறிக்கை கொடுத்தது. 1855-ல் இந்திய சிவில் சர்வீஸுக்கு லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. கப்பல் ஏறிப் போய் எழுத வேண்டிய தேர்வு என்பதால் இந்தியர்களுக்கு அது எளிதில் எட்டவில்லை. 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் தேறியது பெரிய செய்தி. இந்திய மண்ணிலேயே அந்தத் தேர்வை எழுத 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாக் குறைகளையும் மீறி, எழுத்துத் தேர்வு ஒரு பெரிய நன்மையைச் செய்தது. விடைத்தாளுக்குக் குரல் கிடையாது. எழுதியவர் திக்குகிறாரா, எந்த ஊர் உச்சரிப்பில் பேசுகிறார், என்ன சட்டை போட்டிருக்கிறார் என்பதெல்லாம் திருத்துகிறவருக்குத் தெரியாது.

இந்த நிலை என்றென்றும் நீடிக்கவில்லை. 1917-ல் பிரிட்டனில் ஸ்டான்லி லீத்ஸ் தலைமையிலான குழு ஒன்று, உயர்நிலை சிவில் சர்வீஸ் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு வாய்மொழித் தேர்வு வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. பாட அறிவைச் சோதிப்பது அதன் நோக்கமல்ல. பொது விஷயங்களைப் பேச விட்டு, ஆளின் சுறுசுறுப்பையும் அறிவுக்கூர்மையையும் எடைபோடுவதே நோக்கம். முதல் உலகப் போருக்குப் பின் இது நடைமுறைக்கு வந்தது. இன்று குடிமைப் பணித் தேர்வில் 2,025 மதிப்பெண்ணில் 275-ஐத் தீர்மானிக்கும் 'ஆளுமைத் தேர்வு' அதன் வாரிசு. வங்கி, தனியார் நிறுவனம், பள்ளி, கல்லூரி என எல்லா இடங்களிலும் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் இந்தப் பக்கம் ஒருவருமாக உட்காரும் காட்சி பரவியது இந்த நூறு ஆண்டுகளில்தான்.

அந்த மேசை சரியாக எடைபோடுகிறதா என்று அப்போதே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக், ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1935-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே 16 பேரை இரண்டு தனித்தனிக் குழுக்கள் நேர்காணல் செய்தன. முதல் குழு முதலிடம் கொடுத்தவருக்கு இரண்டாவது குழு கொடுத்தது 13-ஆம் இடம். இரண்டாவது குழுவின் முதல்வர், முதல் குழுவின் பட்டியலில் 11-ஆவது ஆள். ஆள் மாறவில்லை, அவருடைய அறிவும் மாறவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மட்டும் மாறினார்கள்.

அந்த 16 பேரும் சரளமாகப் பேசுகிறவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், பேச்சில் தடங்கல் உள்ளவரின் கதி என்ன?

பெயரே தடையாகும்போது

பெரியவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்குத் திக்குவாய் உண்டு. குழந்தைகளில் இந்த விகிதம் இதைவிடப் பல மடங்கு. பேசக் கற்கும் வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. சரியாகாமல் தொடர்கிறவர்களில் ஆண்களே அதிகம். பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் ஒருங்கிணைப்பில் உள்ள வேறுபாடும் பரம்பரையும் இதன் பின்னணியில் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2010-ல் டென்னிஸ் டிரேனாவின் குழு, திக்குவாய் தலைமுறைகளாகத் தொடரும் பாகிஸ்தான் குடும்பங்களிலிருந்து தொடங்கி, அதோடு தொடர்புடைய 3 மரபணுக்களை அடையாளம் கண்டது. பயந்த சுபாவமோ அறிவுக்குறைவோ இதற்குக் காரணம் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

வெளியே இருந்து பார்ப்பவருக்குப் புரியாத ஒன்று உண்டு. திக்குகிறவர் எல்லா நேரமும் திக்குவதில்லை. பாடும்போது திக்காது. பத்துப் பேரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது திக்காது. தனியறையில் தன்னிடமே பேசிக்கொள்ளும்போதும், கைக்குழந்தையைக் கொஞ்சும்போதும் சரளமாக வரும். மேலதிகாரி முன்னால், தொலைபேசியில், நேரம் குறைவாக இருக்கும்போது, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கும். நேர்காணல் அறையில் இவற்றில் குறைந்தது மூன்று கட்டாயம் இருக்கும்.

அந்த அறையின் முதல் கேள்வியே பெயர். அனுபவப்பட்ட திக்குவாய்க்காரர்கள் கஷ்டமான சொல் வருகிறது என்று தெரிந்தால் பட்டென்று வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். 'பெங்களூர்' வராது என்று பட்டால் 'கர்நாடகா பக்கம்' என்பார்கள். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. பலருக்கும் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான சொல் தன் பெயராகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு வளாக நேர்காணலை நினைத்துப் பார்க்கலாம். "குட் மார்னிங் சார்" வரைக்கும் நன்றாகப் போகிறது. "ப்ளீஸ் இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்" என்கிறார்கள். "ஐ யம்..." என்று தொடங்குகிறவரின் உதடு 'ம'வில் ஒட்டிக்கொள்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. கண் ஒரு கணம் மூடுகிறது. எதிரில் இருப்பவர் கோப்பைப் பார்த்து, "மணிகண்டனா தம்பி? ரிலாக்ஸ், டென்ஷன் ஆகாதீங்க" என்று பரிவோடு முடித்து வைக்கிறார். அவர் நல்ல மனசோடுதான் செய்கிறார். ஆனால் இரண்டு விஷயங்கள் அந்த நொடியில் நடந்துவிட்டன: பேசும் உரிமை கைமாறிவிட்டது, 'பதற்றக்காரப் பையன்' என்ற முடிவும் மனசுக்குள் எழுதப்பட்டுவிட்டது. அடுத்த 10 நிமிடமும் பையனின் கவனம் கேள்வியில் இல்லை. எந்தச் சொல்லைத் தவிர்ப்பது என்பதிலேயே இருக்கிறது. மனசுக்குள் தயாராக இருக்கும் நல்ல பதிலை விட்டுவிட்டு, வாயில் எளிதில் வரும் சுமாரான பதிலைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறான். குழுவினர் குறித்துக்கொள்வது அந்தச் சுமாரான பதிலுக்கான மதிப்பெண்ணை.

குழு விவாதம் இதைவிடக் கடினம். ஒரு சொல்லில் கொஞ்சம் நின்றால் போதும், பக்கத்தில் இருப்பவர் அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார்.

அமெரிக்காவில் திக்குவாய் உள்ள 232 பேரிடம் கிளைன், ஹூட் என்ற இருவர் ஓர் ஆய்வு நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். வேலையோ பதவி உயர்வோ கிடைக்கும் வாய்ப்பைத் திக்குவாய் குறைக்கிறது என்றவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல். வேலையைச் செய்வதற்கே அது இடைஞ்சல் என்று நினைத்தவர்கள் சுமார் 33 சதவீதம்தான். திக்கலால் வேலையையோ பதவி உயர்வையோ தாங்களாகவே வேண்டாம் என்று விட்டவர்கள் 20 சதவீதம். முதல் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். வேலை செய்வதைவிட வேலைக்குள் நுழைவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது.

நாக்கை அறுத்தவர்களும் கேட்கக் கற்றவர்களும்

இந்தத் தடங்கலை நீக்க மனிதர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகியதாகப் புளூட்டார்க் எழுதிவைத்தார். நம் வீடுகளில் வசம்பைச் சுட்டு இழைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவார்கள். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்ற வரலாற்றைச் சொல்லி, அந்தச் சந்நிதிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர் உண்டு.

கொடுமையானது பெர்லினில் நடந்தது. 1841-ல் யோஹான் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், நாக்கின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவத்தில் சதையை வெட்டியெடுத்துத் தைத்தால் திக்குவாய் தீரும் என்று அறிவித்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம். ஐரோப்பாவில் பல மருத்துவர்கள் இதைப் பின்பற்றினார்கள். நோயாளிகள் பட்ட வேதனைக்குப் பலன் இல்லை என்று தெரிந்து, சீக்கிரமே அந்த முறையைக் கைவிட்டார்கள். கோளாறு நாக்கில் இல்லை என்ற எளிய உண்மைக்குக் கொடுத்த விலை அது.

20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் திக்குவாய் ஆராய்ச்சியின் மையமானது. அங்கே ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. 1939-ல் வெண்டல் ஜான்சன் என்ற ஆய்வாளரின் வழிகாட்டுதலில், டேவன்போர்ட் அனாதை இல்லத்தின் 22 பிள்ளைகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம், 'உனக்குத் திக்குகிறது, பார்த்துப் பேசு' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பேசவே தயங்கி ஒடுங்கிப்போனார்கள். இந்த விஷயம் 2001-ல்தான் பத்திரிகை மூலம் வெளியே வந்தது; பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஜான்சனும் திக்குவாய் உள்ளவர் என்பது இதில் கூடுதல் வருத்தம். கேட்கிறவரின் தீர்ப்பு பேசுகிறவரின் வாயை எப்படி அடைக்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

அதே அயோவாவில் படித்து வந்த சார்லஸ் வான் ரைப்பர் வேறு பாதை போட்டார். அவருக்குக் கடுமையான திக்குவாய். வேலைக்கு அலைந்த இளவயதில், வாய் திறக்காமல் தப்பிக்க, காது கேளாத வாய் பேசாதவர் என்று நடித்து ஒரு பண்ணையில் கூலியாளாக இருந்தார். பிறகு வழியில் சந்தித்த திக்குவாய் உள்ள முதியவர் ஒருவர், தன் திக்கலோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கில் விட்டுப் பேசியதைக் கேட்டதுதான் தன் திருப்பம் என்று பின்னாளில் அவரே சொன்னார். 1936-ல் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் பேச்சுச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். திக்காமல் பேசுவதை அவர் இலக்காக வைக்கவில்லை. உடம்பை முறுக்காமல், ஒளிக்காமல், எளிதாகத் திக்கிச் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதே அவர் கற்றுக்கொடுத்தது. வேண்டுமென்றே சில சொற்களில் திக்கிப் பழகும் பயிற்சியும் அதில் உண்டு. பயந்து ஓடுகிற விஷயத்தைத் தானாகவே தேடிப் போய்ச் செய்யும்போது பயத்தின் பிடி தளர்கிறது.

இந்த வழியில் வந்த இன்னொருவர் கலிஃபோர்னியாவின் ஜோசப் ஷீஹன். இவருக்கும் திக்குவாய்தான். திக்குவாயை அவர் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் மேலே தெரியும் சிறு முனை. கூச்சம், அச்சம், குற்ற உணர்வு, சொல்லைத் தவிர்க்கும் தந்திரம் எல்லாம் நீருக்கு அடியில் கிடக்கும் பெரும்பகுதி. நேர்காணலில் ஒருவரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இந்த அடிப்பகுதிதான்.

வேலை மறுத்தவர்களும் வேலை கொடுத்தவர்களும்

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் அதிகாரியாகச் சேர முயன்றார் நெவில் ஷூட். திக்குவாய் என்று தள்ளிவிட்டார்கள். அவர் சாதாரணச் சிப்பாயாகப் போனார். போருக்குப் பின் ஆர்100 என்ற ஆகாயக் கப்பலின் வடிவமைப்பில் முக்கியப் பொறியாளரானார். 1931-ல் சொந்தமாக விமான நிறுவனம் தொடங்கினார். உலகம் படித்த நாவலாசிரியராகவும் ஆனார். விமானப் படை திருப்பி அனுப்பியவர், விமானங்களைச் செய்கிறவரானார்.

அமெரிக்காவின் ஜாக் வெல்ச் 1960-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். அவருக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். உன் மூளை ஓடுகிற வேகத்துக்கு நாக்கால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அவருடைய தாய் சொல்லிச் சொல்லி வளர்த்தாராம். 1981-ல் அந்த நிறுவனத்தின் தலைவராகி 20 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார்.

நேர்காணலே இல்லாமல் ஒரு வேலை வந்து தலையில் விழுந்தவர் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ். இளவரசராக இருந்தபோது 1925-ல் வெம்ப்ளியில் அவர் ஆற்றிய உரை பெரும் சங்கடத்தில் முடிந்தது. மறு ஆண்டு லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குப் போனார். லோகுக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பு உரையை வானொலியில் மன்னர் பேசியபோது லோக் பக்கத்திலேயே நின்றார். மன்னரின் திக்கல் கடைசிவரை முழுதாகப் போய்விடவில்லை. நாடு அந்தக் குரலைக் காத்திருந்து கேட்டது. கேட்கிறவர் காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் உதாரணம் கேரளத்தின் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட். 1957-ல் அந்த மாநிலத்தின் முதல் முதலமைச்சர். திக்கித்தான் பேசுவார். 'உங்களுக்கு எப்போதுமே திக்குமா?' என்று கேட்ட நிருபரிடம், 'இல்லை, பேசும்போது மட்டும்தான்' என்று அவர் பதில் சொன்னதாகக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். கூச்சத்தை உதறியவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில் அது. ஆயிரக்கணக்கான மேடைகளில் திக்கிப் பேசினார், தொழிலாளர்களும் விவசாயிகளும் பொறுமையாகக் கேட்டார்கள், வாக்களித்தார்கள். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பேச்சின் சரளத்துக்கு மதிப்பெண் போடவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுமை கொஞ்சம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என்று பேச்சுத் திறனுக்கு மூன்று அதிகாரம் ஒதுக்கிய குறளின் மண் இது. 20-ஆம் நூற்றாண்டு அரசியலோ மேடைப் பேச்சிலேயே வளர்ந்தது. அந்தப் பெருமையின் மறுபக்கமாக, சினிமா திக்குவாயை நகைச்சுவைக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறது. பள்ளியில் அதைப் பார்த்துச் சிரிக்கக் கற்ற பிள்ளைகள்தாம் பிறகு நேர்காணல் குழுவில் உட்காருகிறார்கள்.

நீதிமன்றமும் சட்டமும் சொன்னவை

நேர்காணலுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் பலமுறை போயிருக்கிறது. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கு. 1970-ல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில், 275 மதிப்பெண்ணில் 75-ஐ நேர்காணலுக்கு ஒதுக்கியது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு மாணவருக்குச் சராசரியாகக் கிடைத்த நேரம் சுமார் 3 நிமிடம். தன் பெயரைச் சொல்லவே அரை நிமிடம் தேவைப்படும் ஒரு மாணவரை அந்த 3 நிமிடத்தில் வைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கொடுமை புரியும்.

ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை வாய்மொழித் தேர்வுக்குக் கொடுத்தது தவறு, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. 1985-ல் அரியானா அரசுப் பணி பற்றிய அசோக் குமார் யாதவ் வழக்கில், மத்தியத் தேர்வாணையம் அப்போது பின்பற்றிய 12.2 சதவீதத்தை அளவுகோலாகக் காட்டியது. இந்தத் தீர்ப்புகள் எதிலும் திக்குவாய் என்ற சொல் பேசுபொருளாக இருக்கவில்லை. செல்வாக்கும் பாரபட்சமும் புகுந்துவிடும் என்பதே நீதிபதிகளின் கவலை. ஆனால் அந்த வரம்புகளின் பலன் திக்குகிறவர்களுக்கும் சேர்ந்து கிடைத்தது.

2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு குரூப் சி பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணலை நீக்கியது. ஊழலைத் தடுக்கச் செய்த மாற்றம் அது. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வுகளில் ஒரு திக்குவாய் இளைஞர் தன் பேனாவை மட்டும் நம்பிப் போக அது வழி செய்தது.

சட்டப் பாதுகாப்பில் இடைவெளி இன்னும் இருக்கிறது. 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பேச்சுக் குறைபாடு தனி வகையாகவே இல்லை. 2016-ன் சட்டம் 21 வகைகளில் ஒன்றாகப் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைச் சேர்த்தது. குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழித்திறன் இழப்பு போன்றவற்றால் வரும் நிலையான குறைபாடு என்று அதற்கு இலக்கணம் சொன்னது. திக்குவாயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டத் திருத்தம் 'பேசுதல்' என்பதை வாழ்வின் முக்கியச் செயல்களில் ஒன்றாக வெளிப்படையாகப் பட்டியலிட்டது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தின் கீழும், பாதிப்பின் அளவைப் பொறுத்து, திக்குவாய் உள்ளவர் நேர்காணலில் கூடுதல் நேரம் கேட்க முடியும்.

அறைக்குள் போகும்போது

இந்தியாவில் திக்குவாய் உள்ளவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் பழக்கம் புதியது. 2008-ல் டேராடூனில் இந்தியத் திக்குவாய்ச் சங்கம் உருவானது. பல நகரங்களில் அதன் சுயஉதவிக் குழுக்கள் நடக்கின்றன. இத்தகைய குழுக்களில் முக்கியமான பயிற்சி மாதிரி நேர்காணல். நான்கு பேர் குழுவாக உட்கார, ஒருவர் தன் பெயரை, ஊரை, படிப்பைத் திக்கியே சொல்லி முடிப்பார். யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கண்ணைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தைக் குறுக்கீடு இல்லாமல் முடித்த அனுபவம் சிலருக்கு அங்கேதான் கிடைக்கிறது.

இன்னொரு பயிற்சி, முதல் நிமிடத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோர்ட்னி பேர்ட் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. திக்குவாய் இருப்பதைத் தகவலாகச் சொன்னவர்களைக் கேட்டவர்கள் நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. "சாரி சார், எனக்குச் சரியா பேச வராது" என்று தொடங்குவதற்கும், "சார், எனக்குத் திக்குவாய் உண்டு. சில சொல்லில் நின்னு வரும். முடிக்க ஒரு நிமிஷம் கொடுங்க" என்று தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டாவதைச் சொன்னவர் அதன் பிறகு எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஒளிக்கச் செலவான கவனம் முழுதும் பதிலுக்குத் திரும்பிவிடுகிறது.

அறையின் வடிவமும் மாறி வருகிறது. கேமரா முன் தனியாக உட்கார்ந்து, ஓடும் கடிகாரத்தோடு பதிலைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் திக்கும் பேச்சைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பது தெரிந்த விஷயம். ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் 2021-ல் திக்கும் பேச்சின் சுமார் 28,000 துணுக்குகளைத் திரட்டி வெளியிட்டதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். மனிதக் குழுவிடமாவது 'கொஞ்சம் நேரம் கொடுங்கள்' என்று கேட்கலாம். கடிகாரத்திடம் கேட்க முடியாது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே மாற்று ஏற்பாடு கேட்பது நல்லது.

நேர்காணலே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே முடிவு செய்த மதிப்பெண் வரையறை என்று ஒழுங்குபடுத்திய நேர்காணல், மனம் போன போக்கில் நடத்தும் உரையாடலைவிட வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பது பணியாளர் தேர்வு ஆய்வுகளில் நெடுங்காலமாக உறுதியான முடிவு. அந்த ஒழுங்குக்குள், பதிலின் சரக்குக்கு மதிப்பெண் போடுவதும் பதில் வந்த வேகத்துக்கு மதிப்பெண் போடாதிருப்பதும் ஒன்றும் பெரிய காரியமல்ல. பேச்சே தொழிலாக இருக்கும் பணிகளில் அதைத் தனியாகச் சோதிக்கலாம். கணக்கு எழுதவும் நிரல் எழுதவும் பாலம் கட்டவும் வருகிறவரிடம் சரளத்தைச் சோதிப்பதற்கு நியாயம் இல்லை.

ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: பேச்சில் தடங்கல் உள்ளவர்கள் முன்பே தெரிவித்தால் கூடுதல் நேரம் தரப்படும் என்று. அறைக்குள் அவர் ஒரு சொல்லில் நின்றால், அந்தச் சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள், அவரே முடிக்கட்டும். அடுத்த வாரம் நேர்காணலுக்குப் போகும் திக்குவாய் இளைஞருக்கு: உங்கள் பெயரை நின்று நிதானமாக, எத்தனை முறை திக்கினாலும், முழுதாகச் சொல்லுங்கள். அந்த நேரம் உங்களுக்கு உரியது.